மூளைக் காயத்துக்குப் பின்: மனம் தடம் மாறப் பழகுவது எப்படி

வழக்கமாகப் போகும் சாலையில் தடுப்பு வைத்திருக்கிறார்கள். நாமாக இருந்தால் பக்கத்துத் தெருவில் திரும்பிவிடுவோம். திரும்பினோம் என்பதுகூட வீடு வந்து சேரும்போது நினைவில் இருக்காது. தலையில் பலத்த அடிபட்டுத் தேறிவரும் ஒருவர் அதே தடுப்பின் முன்னால் கால்மணி நேரம் நிற்கலாம். பாதை அடைபட்டிருப்பது அவருக்குத் தெரியும், கேட்டால் வாய்விட்டுச் சொல்லவும் செய்வார். ஆனாலும் கால் அந்தப் பக்கமே இழுக்கும். வேறு வழி காட்டினால் கோபம் வரும்.

'தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்' என்று வீட்டார் அலுத்துக்கொள்வது இந்த இடத்தில்தான். அலுப்பு நியாயமானது, கணிப்புதான் தவறு. பிடிவாதம் பிடிப்பவர் முயலுக்கு நாலு கால் என்று தெரிந்துகொண்டே மறுக்கிறார். காயம்பட்ட மூளையோ மூன்றை விட்டு நாலுக்குப் போகும் அந்தக் கணத்தில் சிக்கிக்கொள்கிறது. பயிற்சி தர வேண்டியதும் அந்தக் கணத்துக்குத்தான்.

என்ன திறன் இது?

மனநெகிழ்வு என்று இங்கே சொல்வதற்கும் விட்டுக்கொடுக்கும் குணத்துக்கும் தொடர்பில்லை. நிலைமை மாறும்போது எண்ணத்தையும் செயலையும் அதற்கேற்ப மாற்றிப் பிடிக்கும் திறனுக்குத்தான் இந்தப் பெயர். பிரித்துப் பார்த்தால் உள்ளே மூன்று வேலைகள் நடக்கின்றன. மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் செயலுக்கு பிரேக் போட வேண்டும். பிறகு வேறொரு வழியைத் தேடி எடுத்துத் தொடங்க வேண்டும். மூன்றில் எது உடைந்தாலும் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஒன்றுபோலத்தான் தெரியும்: ஆள் மாறவில்லை. ஆனால் உதவி மூன்றுக்கும் வேறு வேறு. கவனிக்காதவருக்குக் கண்ணில் படும்படி ஓர் அடையாளம் வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். பிரேக் பிடிக்காதவருக்கு நிறுத்தப் பழக்க வேண்டும். நிறுத்திவிட்டு வெறுமனே நிற்பவருக்கு மாற்று வழிகளை முன்கூட்டியே எழுதிக் கையில் தர வேண்டும்.

அடிபடாத மூளைக்கும் மாறுவது இலவசம் அல்ல. ஒரே வகைக் கணக்குகளை வரிசையாகப் போடுவதைவிட, கூட்டலையும் கழித்தலையும் மாற்றி மாற்றிப் போட அதிக நேரம் பிடிக்கிறது என்று உளவியலாளர் ஆர்தர் ஜெர்சில்ட் 1927-இல் காட்டினார். அடுத்து எந்த வேலை வரப்போகிறது என்று தெரிந்து, தயாராகக் கொஞ்சம் அவகாசமும் கிடைத்தால் அந்தத் தாமதம் குறைகிறது என்று ரோஜர்ஸும் மான்செலும் 1995-இல் காட்டினார்கள். குறைந்ததே தவிர முழுக்கப் போய்விடவில்லை. காயம்பட்ட மூளையில் இதே தாமதம் இன்னும் கூடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். முன்னறிவிப்பும் அவகாசமும் உதவும் என்ற செய்தியும் இதற்குள்ளேயே இருக்கிறது. பின்னால் வரும் பயிற்சியில் பாதி இதன்மேல்தான் நிற்கிறது.

இன்னொரு பிரிவையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. சூழல் மாறியதால் நாம் மாறுவது ஒன்று. சூழல் எதுவும் கேட்காதபோதும் தானாகவே புதுப்புது யோசனைகளை உருவாக்குவது இன்னொன்று, 'ஒரு செங்கல்லை வைத்து என்னென்ன செய்யலாம்?' என்ற கேள்விக்குப் பத்துப் பதில் சொல்வதுபோல. எஸ்லிங்கரும் கிராட்டனும் 1993-இல் நோயாளிகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, முதல் வகை நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியான முன்மடலின் சேதத்திலும் உள்ளே ஆழத்தில் உள்ள அடித்தள நரம்புத் திரள்களின் சேதத்திலும் கெட்டிருந்தது. இரண்டாம் வகை முன்மடல் சேதத்தில் மட்டுமே தெளிவாகக் கெட்டிருந்தது. ஆகவே, சொன்னால் மாறுகிறார், தானாக எதுவும் யோசிப்பதில்லை என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் அது முரண் அல்ல.

சிக்கிக்கொள்வதிலும் ரகங்கள் உண்டு. கையில் எடுத்த அசைவை நிறுத்த முடியாமல் தொடர்வது ஒரு ரகம்: மூன்று சுழி போடச் சொன்னால் தாள் நிறையப் போட்டுக்கொண்டே போவார். முந்தைய கேள்விக்குச் சொன்ன பதில் அடுத்த கேள்விக்கும் வந்து விழுவது மற்றொன்று. வேலையின் விதி மாறிய பிறகும் பழைய விதியிலேயே ஓடுவது மூன்றாவது. இந்தக் கட்டுரையில் சொல்லும் பயிற்சிகள் முக்கியமாக இந்த மூன்றாம் ரகத்துக்கு. முதல் இரண்டும் அதிகமாகத் தெரிந்தால் பேச்சு சிகிச்சையாளரும் நரம்பியல் மருத்துவரும் முதலில் பார்க்க வேண்டும்.

எங்கே அடிபடுகிறது?

மண்டையோட்டின் உட்புறம் எல்லா இடத்திலும் வழவழப்பாக இருப்பதில்லை. நெற்றிக்குப் பின்னால், கண்குழிக்கு மேலே உள்ள தரை மேடும் பள்ளமுமாக இருக்கும். வேகமாகப் போன தலை சட்டென்று நிற்கும்போது மூளை உள்ளே நகர்ந்து அங்கே உரசி நசுங்குகிறது. அடி பின்மண்டையில் விழுந்திருந்தாலும் முன்மடல் கெடுவது இதனால்தான். கூடவே, தூரத்துப் பகுதிகளை இணைக்கும் மெல்லிய நரம்பு இழைகள் முறுக்கலில் இழுபட்டு அறுகின்றன. மாறுவது என்பது முன்மடல் தனியாகச் செய்யும் வேலை அல்ல, பல பகுதிகள் சேர்ந்து ஓடும் ஒரு வலை. அந்த வலையின் கம்பிகள்தான் இந்த இழைகள். சாதாரண சிடி ஸ்கேனில் இந்த இழைச் சேதம் பெரும்பாலும் தெரியாது. 'ஸ்கேன் நார்மல்' என்ற ஒரே காரணத்துக்காக இவர் நடிக்கிறார் என்று முடிவுகட்டுவது பெரிய தவறு.

எப்படி அளக்கிறார்கள்?

இதற்குப் பேர்போன சோதனை விஸ்கான்சின் அட்டைப் பிரிப்பு. 1948-இல் வெளியானது. மேசையில் நான்கு மாதிரி அட்டைகள், கையில் 128 அட்டைகள். நிறம், வடிவம், எண்ணிக்கை ஆகிய மூன்றில் எதை வைத்துப் பிரிப்பது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒவ்வோர் அட்டைக்கும் 'சரி' அல்லது 'தவறு' என்ற சொல் மட்டும் வரும். தொடர்ந்து 10 அட்டைகள் சரியாக வைத்ததும் சோதிப்பவர் விதியைச் சத்தமில்லாமல் மாற்றிவிடுவார். வலிப்பு நோய்க்காக முன்மடலின் ஒரு பகுதி அகற்றப்பட்டவர்கள் விதி மாறிய பிறகும் பழைய விதியையே பிடித்துக்கொண்டிருந்ததை நரம்பு உளவியலாளர் பிரெண்டா மில்னர் 1963-இல் பதிவுசெய்தார். 'தவறு' என்று தானே முணுமுணுத்துக்கொண்டு, அட்டையை அதே பழைய இடத்தில் வைப்பவர்கள் உண்டு. சொல்லுக்கும் செயலுக்கும் இடையே அறுந்துபோன அந்த இணைப்பை ரஷ்ய நரம்பு உளவியலாளர் லூரியாவும் தன் நோயாளிகளிடம் விரிவாக ஆராய்ந்தார். மறுவாழ்வுப் பயிற்சியின் மையம் அந்த இணைப்புதான்.

இன்னொரு சோதனையில் தாளில் சிதறிக் கிடக்கும் எண்களையும் எழுத்துகளையும் மாற்றி மாற்றிக் கோடு போட்டு இணைக்க வேண்டும். ஆங்கில வடிவத்தில் 13 எண்கள், 12 எழுத்துகள். தமிழில் 1-அ-2-ஆ-3-இ என்று போட்டுப் பார்த்தால் உயிரெழுத்து பன்னிரண்டும் கச்சிதமாக உட்காரும். ஆசை வரும்தான், ஆனால் இதை வீட்டில் பயிற்சியாக்க வேண்டாம். சோதனையையே பழகிவிட்டால், பிறகு அதை வைத்து முன்னேற்றத்தை அளக்க முடியாது.

அமைதியான அறையில் நடக்கும் சோதனைகளில் தேறிவிட்டு, கடைவீதியில் திணறுகிறவர்களும் உண்டு. ஷாலிஸும் பர்கெஸும் 1991-இல் விவரித்த மூன்று நோயாளிகள் அப்படிப்பட்டவர்கள். பல சில்லறை வேலைகளை ஒரே சமயத்தில் முடித்துவரச் சொன்னபோதுதான் குறை தெரிந்தது. ஆகவே வீட்டார் எழுதிக்கொண்டு வரும் 'எங்கே, எப்போது, எத்தனை நேரம் மாட்டிக்கொண்டார்' என்ற குறிப்புக்குச் சோதனை மதிப்பெண்ணுக்குச் சமமான மதிப்பு உண்டு.

தொடங்கும் முன்

தூக்கக் குறைவு, தலைவலி, மனச்சோர்வு ஆகிய மூன்றும் மனநெகிழ்வைக் கெடுக்கும். தூக்கம் வரவழைக்கும் பழைய ரக அலர்ஜி மாத்திரைகளும், வலிப்பு மருந்துகளில் சிலவும் அப்படியே. இவற்றை முதலில் சரிபார்க்காமல் பயிற்சி தொடங்குவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான். மருந்தைத் தானாக நிறுத்தக் கூடாது. பட்டியலை மருத்துவரிடம் காட்டிக் கேட்க வேண்டும். காது, கண், பேச்சுப் புரிதல் சரியாக இருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிட வேண்டும். சொன்னது கேட்கவே இல்லை என்றால் அவர் எப்படி மாறுவார்?

தேறிவந்தவர் சட்டென்று பின்னோக்கிப் போனால் அது பயிற்சிப் பிரச்சினை அல்ல. கூடிக்கொண்டே போகும் தலைவலி, வாந்தி, அரைமயக்கம், வலிப்பு, ஒரு பக்கக் கைகால் பலவீனம் எது தெரிந்தாலும் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். நடை தள்ளாடி, சிறுநீர் அடக்க முடியாமல், யோசனையும் மந்தமாகிக்கொண்டே வந்தாலும் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும். மூளையைச் சுற்றி மெதுவாகச் சேரும் ரத்தம் அடிபட்டுப் பல வாரங்கள் கழித்தும் வெளிப்படலாம்.

நில், பார், மாற்று

சொல்லுக்கும் செயலுக்கும் நடுவே இணைப்பு அறுந்திருந்தால், சொல்லையே கயிறாக்கி இரண்டையும் கட்டலாம். சிசெரோனும் வுட்டும் 1987-இல் விவரித்த முறை இந்த வகை: நோயாளி தான் செய்யப் போவதை முதலில் உரக்கச் சொல்லிக்கொண்டே செய்கிறார், பிறகு முணுமுணுப்பாக, கடைசியில் மனத்துக்குள். மனநெகிழ்வுக்கு மூன்று சொல் போதும்: 'நில். பார். மாற்று.' 'நில்' என்றால் கை நிற்க வேண்டும். 'பார்' என்றால் என்ன மாறியிருக்கிறது என்று ஒரு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். 'மாற்று' என்றால் அடுத்த செயலின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். முணுமுணுப்புக்கும் மௌனத்துக்கும் அவசரப்பட்டுப் போகிறவர்கள் அதிகம். உரக்கச் சொல்லும் கட்டத்தில் தடுமாற்றம் அடங்காமல் அடுத்த கட்டத்துக்குப் போனால், சொல் மறைகிறபோது பழக்கமும் மறைந்துவிடும்.

இந்த மூன்று சொல்லைப் பழக்க ஒரு சீட்டுக்கட்டு போதும். ராஜா, ராணி, ஜாக் அட்டைகளையும் ஜோக்கரையும் எடுத்துவிட்டால் 40 அட்டைகள் மிஞ்சும், ஏஸ் ஒன்று என்று கணக்கு. இரண்டே விதிகள்: சிவப்பா கறுப்பா, ஒற்றையா இரட்டையா. முதல் படியில் தாளின் ஒரு பக்கம் ஒரு விதியையும் மறுபக்கம் மற்றதையும் பெரிதாக எழுதி எதிரே வைக்க வேண்டும். 10 அட்டைக்கு ஒருமுறை சிகிச்சையாளர் தாளைத் திருப்புவார். திருப்பும்போது நோயாளி 'நில். பார். மாற்று' என்று சொல்லி, புதிய விதியையும் சொல்லிவிட்டு அடுத்த அட்டையை எடுக்கலாம். இரண்டு மூன்று வினாடி தாமதித்தால் பரவாயில்லை. ஜெர்சில்ட் கண்ட தாமதம் கரைவது அந்த இடைவெளியில்தான், அதை அவசரப்படுத்தக் கூடாது. இரண்டாம் படியில் தாள் இல்லை. 4 முதல் 10 அட்டைகளுக்குள் எதிர்பாராத இடத்தில் 'மாற்று' என்ற குரல் மட்டும் வரும். மூன்றாம் படியில் குரலும் இல்லை: 7 எண் அட்டை வந்தால் அவரே விதியை மாற்ற வேண்டும். நான்காம் படியில் எந்த அடையாளமும் கிடையாது, 'சரி', 'தவறு' என்ற பதில் மட்டும்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் எத்தனை அட்டைகள் பழைய விதியில் போயின என்று எண்ணிக் குறிக்க வேண்டும். கவனிக்க வேண்டிய எண் இது ஒன்றுதான். மொத்த நேரத்தை ஆரம்பத்தில் பார்க்கவே வேண்டாம், வேகம் கேட்டால் பழைய தடம்தான் ஜெயிக்கும். அடுத்தடுத்த இரண்டு அமர்வுகளில் மாற்றத்துக்கு ஓர் அட்டைக்கு மேல் தவறவில்லை என்றால் மேல்படிக்குப் போகலாம். ஓர் அமர்வு 15 நிமிடம், வாரம் மூன்று நான்கு முறை, களைப்பு குறைவான நேரத்தில். பலருக்கு அது காலை. கொட்டாவி, கண் கசக்கல், சட்டென்று வரும் எரிச்சல் ஆகியவை தெரிந்தால் 15 நிமிடம் ஆகாவிட்டாலும் நிறுத்திவிட வேண்டும்.

சீட்டுக்கட்டில் கெட்டிக்காரராவது யாருக்கும் தேவையில்லை. அட்டைகள் ஒரு சாக்கு. அந்த மூன்று சொல்லை நாக்குக்குப் பழக்கி அறைக்கு வெளியே கொண்டுபோவதற்காகத்தான் இத்தனையும். மூளைப் பயிற்சி ஆப்களை நம்பி மாதக்கணக்கில் உட்காருகிறவர்களுக்கு நேர்வது இங்கேதான் புரிகிறது. ஆப்பின் மதிப்பெண் ஏறும், ஏனென்றால் அந்த விளையாட்டு பழகிவிட்டது. அடைபட்ட சாலையின் முன் அவர் அப்படியேதான் நிற்பார். சிகிச்சையாளர் துணையின்றிக் கணினிப் பயிற்சியை மட்டும் திரும்பத் திரும்பச் செய்வதை மூளைக் காய மறுவாழ்வுக்கான வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பதில்லை. தன் சிந்தனையைத் தானே கண்காணிக்கக் கற்றுத்தரும் உத்திப் பயிற்சிகளைத்தான் அவை முன்வைக்கின்றன.

அறைக்கு வெளியே

வாரத்துக்கு மூன்று முறையாவது வரக்கூடிய இரண்டு சூழ்நிலைகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். வேலையின் நடுவில் போன் வந்தால் எடுத்துப் பேசிவிட்டு வேலைக்குத் திரும்புவது ஒன்று. குறித்த நேரத்தில் வர வேண்டியவர் வராதபோது அடுத்த வேலையைத் தொடங்குவது இன்னொன்று. அதற்குமேல் எடுத்துக்கொண்டால் எதுவும் ஊன்றாது.

ஒவ்வொன்றுக்கும் 'இப்படி ஆனால், இப்படிச் செய்வேன்' என்ற ஒரே வாக்கியம் எழுதிச் சட்டைப்பையில் வைக்க வேண்டும். 'பேருந்து 15 நிமிடத்தில் வராவிட்டால் வீட்டுக்கு போன் செய்வேன்' என்பது நல்ல வாக்கியம். கடிகாரத்தைப் பார்த்தாலே தெரியும் அடையாளமும், கை செய்யக்கூடிய செயலும் அதில் இருக்கின்றன. 'பிரச்சினை வந்தால் நிதானமாக யோசிப்பேன்' என்பது வீண். எது பிரச்சினை என்று கண்டுகொள்வதே அவருக்குக் கஷ்டம்.

மாற்றங்களையும் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும். முந்தின நாளே சொல்லிவைத்த மாற்றம் முதலில். அடுத்து, 10 நிமிடம் முன்னால் ஒருமுறை, 2 நிமிடம் முன்னால் ஒருமுறை சொல்லிச் செய்யும் மாற்றம். சொல்லாமல் வரும் மாற்றம் கடைசியில். 'பழகட்டும்' என்று தினசரி ஒழுங்கையே கலைத்துப் போடுகிறவர்கள் உண்டு. அது பயிற்சி ஆகாது. நாளின் மற்ற நேரமெல்லாம் ஒரே சீராக இருந்தால்தான் அந்த ஒரு மாற்றத்துக்குத் தேவையான சக்தி மிஞ்சும்.

மாட்டிக்கொண்டு நிற்கும்போது உதவிக்கும் ஏணி உண்டு. முதலில் வாயை மூடிக்கொண்டு மனத்துக்குள் பத்து எண்ண வேண்டும், வீட்டாருக்கு இதுதான் மிகக் கடினமான படி. பிறகு, 'இப்ப என்ன நடக்குதுன்னு பாருங்க.' அதற்கும் அசையாவிட்டால், 'இது நடக்கலைன்னா வேற என்ன வழி?' அடுத்து இரண்டு வழிகளைச் சொல்லி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். செய்து காட்டுவது கடைசிப் படி. எந்தப் படியில் அவர் நகர்ந்தார் என்ற எண்ணை நோட்டில் எழுதினால் போதும், வாரக் கடைசியில் முன்னேற்றம் தானாகத் தெரியும். ஐந்தாம் படியிலிருந்தே தொடங்குகிற வீட்டில், மாற வேண்டும் என்பதற்கான அடையாளமே வீட்டாரின் குரல் என்று ஆகிவிடும். அவர்கள் இல்லாத இடத்தில் மாற்றமும் இருக்காது.

தானாக நிறுத்திப் பார்க்கும் பழக்கத்துக்கு போனில் அலாரம் உதவும், அதில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்க வேண்டியதுகூட இல்லை. 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், குறித்த நேரங்களில் போன் செய்ய வேண்டிய மூளைக் காய நோயாளிகளுக்குச் சில நாட்களில் மட்டும் 'நில்' என்ற பொருள் தரும் ஒற்றைச் சொல் குறுஞ்செய்தி நாளுக்கு எட்டு முறை அனுப்பப்பட்டது. போன் செய்யும் நேரத்தோடு அது ஒத்துப்போகவில்லை. இருந்தும் அந்த நாட்களில் அவர்கள் போன் செய்ய மறப்பது குறைந்தது. அந்தச் சொல்லைக் கண்டால் நிறுத்தி, என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு முன்பே பழக்கியிருந்தார்கள். பழக்காமல் வெறும் அலாரம் வைத்தால், அணைத்துவிட்டுப் பழைய வேலையைத் தொடர்வார்கள்.

கோபமும் மறுப்பும்

முடியாத வேலையின் முன் நிறுத்தப்பட்ட நோயாளிகள் திடீரென்று கொதிப்பதை, அழுவதை, எழுந்து போய்விடுவதை நரம்பியல் மருத்துவர் கர்ட் கோல்ட்ஸ்டைன் முதல் உலகப் போரில் அடிபட்ட வீரர்களிடம் கண்டு எழுதினார். வேலையின் பளு நோயாளி தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது என்பதே இதற்குப் பொருள். அந்த நேரத்தில் வாதாடினால் அவர் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்வார். சத்தத்தைக் குறைத்து, இடத்தை மாற்றி, 20 நிமிடம் கழித்து ஒரு படி எளிதான வேலையிலிருந்து தொடங்கலாம்.

தனக்கு ஒரு குறையும் இல்லை என்று உறுதியாக நம்புகிறவரிடம் விளக்கம் எடுபடாது. ஊகம் எடுபடும். வேலைக்கு முன்னால், 'இதுல எத்தனை தடவை மாட்டிக்குவீங்கன்னு நினைக்கிறீங்க?' என்று கேட்டு எழுதுங்கள். முடிந்ததும் நடந்ததைப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு எண்களையும் அவரே பார்க்கட்டும், நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். நினைவாற்றல் மிக மோசமாக இருப்பவருக்கு மட்டும் இந்த வழி பொருந்தாது. செய்த தவறே அவருக்குப் பழக்கமாகப் பதிந்துவிடும் என்பதால், தவறு நேரவே இடம் தராமல் ஒவ்வோர் அடியையும் காட்டிப் பழக்க வேண்டும்.

எத்தனை நாள்?

தானாக நடக்கும் தேறல் முதல் சில மாதங்களில் வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும். ஆனால் உத்திகளைக் கற்றுக்கொள்வதற்கு அப்படிக் காலக்கெடு கிடையாது, காயமாகிப் பல ஆண்டு ஆனவர்களும் கற்றுக்கொள்கிறார்கள். ஒரு சூழ்நிலையில் உதவி ஏணியின் முதல் படியிலேயே, அதாவது நாம் வாயே திறக்காமல், இரண்டு வாரம் தொடர்ந்து அவர் மாறிவிட்டால் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு அடுத்ததைச் சேர்க்கலாம். வண்டி ஓட்டுவதை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. அதற்குத் தனி மருத்துவ மதிப்பீடும் அனுமதியும் வேண்டும்.

காய்ச்சல், தூக்கமில்லாத இரவு, வீடு மாற்றம், புது ஆட்கள் என்று எது வந்தாலும் அவர் பயிற்சியில் ஓரிரு படி பின்னுக்குப் போகலாம். நோட்டைப் புரட்டி, கடைசியாக எந்தப் படியில் உறுதியாக நின்றாரோ அதிலிருந்து தொடங்குங்கள். இரண்டாம் முறை ஏறுவதற்குப் பெரும்பாலும் முதல் முறை பிடித்த அளவு நாள் பிடிப்பதில்லை.